பின்னேரச் சீனியையும் பாருங்கள்

எங்கள் மாவட்டத்து அரச மருத்துவமனைக் கிளினிக்குகளுக்கும் ஆய்வுகூடங்களுக்கும் பொறுப்பான அதிகாரிகளுக்கு,

கடந்த மாதம் சிறுநீரகக் கிளினிக்கின் கதவில் அரைத்தாள் அறிவித்தல் ஒன்று ஒட்டியிருந்தது. மாற்றுச் சிறுநீரகம் பொருத்தியவர்களுக்குச் சாப்பாட்டுக்குப் பின்னான சீனிப் பரிசோதனைத் துண்டு இனி எழுதப்படமாட்டாது. வெறுவயிற்றில் காலையில் எடுக்கும் இரத்தம் மட்டும், அதுவும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை. சீனி வருத்தம் உள்ளவர்கள் வெள்ளிக்கிழமை நீரிழிவுக் கிளினிக்கில் தனியாகப் பதிய வேண்டும். கீழே ஒரு கையெழுத்து, அதன்மேல் சீல். காரணம் எழுதப்படவில்லை. செலோரேப் காய்ந்து ஒரு மூலை கழன்று ஆடிக்கொண்டிருந்தது. அதை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டுதான் முழுவதையும் வாசித்து முடித்தேன்.

நான் அந்தக் கிளினிக்கின் நோயாளி அல்ல. என் தம்பி நோயாளி. ஆனால் அவனுடைய அடிவயிற்றில் வேலை செய்துகொண்டிருக்கும் சிறுநீரகம் என்னுடையது. 2023 மாசியில் கண்டியில் என்னிடமிருந்து எடுத்து அவனுக்கு வைத்தார்கள். ஆகவே அந்த உறுப்பைப் பற்றி உங்களிடம் கேள்வி கேட்கும் உரித்து எனக்கு இருக்கிறது. நான் கணக்குப் படிப்பிக்கிற ரீச்சர். ஒரு அக்காவின் அழுகை என்று நீங்கள் இதைத் தள்ளி வைத்துவிடக் கூடாது என்பதற்காக, முடிந்த இடமெல்லாம் இலக்கத்தோடு எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. தம்பி சீனியால் சிறுநீரகம் பழுதானவன் அல்ல. அவனுக்குப் பிறஷர். நீர்வேலியில் சைக்கிள் திருத்தும் கடை வைத்திருப்பவன், தலையிடி என்றால் ஒரு பனடோலைப் போட்டுவிட்டு ரியூப் ஒட்டப் போய்விடுவான். பிறஷர் இருப்பது தெரியவந்தபோது இரண்டு சிறுநீரகமும் சுருங்கிவிட்டிருந்தன. மூன்று வருடம் டயலிசிஸ், கிழமைக்கு இரண்டு தரம், தரத்துக்கு நாலு மணித்தியாலம். அந்த மூன்று வருடமும் எத்தனையோ தரம் இரத்தம் சோதித்தார்கள், ஒருநாளும் சீனி இருந்ததில்லை. அப்பாவுக்கு இருந்தது, கால்விரல் ஒன்றை எடுத்தும் இருந்தது. மாற்றுச் சிறுநீரகம் வைத்தபின் சீனி வரக்கூடிய ஆட்களில் நாற்பது தாண்டியவர்கள், தாய் தகப்பனுக்குச் சீனி இருந்தவர்கள், தெற்காசிய வம்சத்தவர்கள் எல்லோரும் முன்வரிசை. தம்பி மூன்றிலும் இருந்தான். அதை யாராவது எங்களிடம் சொல்லியிருக்கலாம்.

கண்டி வார்ட்டில் முதல் பத்து நாளும் சீனி ஏறி இன்சுலின் போட்டார்கள். ஸ்ரீரொயிட் கூடுதலாகப் போகிறது, குறைக்கக் குறைக்க இதுவும் இறங்கும் என்றார்கள். இறங்கியது, ஊசியை நிற்பாட்டினார்கள். வீட்டுக்கு அனுப்பும் தாளில் சீனியைக் கவனிக்கவும் என்று ஆங்கிலத்தில் ஒரு வரி இருந்தது. யார், எப்போது, எப்படிக் கவனிப்பது என்று அந்த வரியில் இல்லை.

சித்திரையில் ஊருக்கு வந்தோம். அதற்குப் பிறகு நடந்ததைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும். உங்கள் அறிவித்தல் எங்கே பிழைக்கிறது என்பது அதற்குள்தான் இருக்கிறது.

டயலிசிஸ் காலத்தில் தம்பிக்கு ஒரு நாளைக்கு முக்கால் லீற்றர் தண்ணீர். காலையிலேயே ஒரு போத்தலில் அளந்து வைத்துவிடுவேன். குளிசை விழுங்குவது, தேத்தண்ணி, பிட்டுக்கு விடுகிற சொதி எல்லாம் அந்தப் போத்தலின் கணக்குக்குள் வரும். வாய் காய்ந்தால் ஒரு ஐஸ்கட்டியை வைத்துச் சூப்புவான். சிறுநீரகம் வைத்தபின், "நல்லாத் தண்ணி குடியுங்கோ, மூண்டு லீற்றர் குடிச்சாலும் பிழையில்லை" என்று சொல்லி அனுப்பினார்கள். அவன் செம்பு செம்பாகக் குடித்தான். இரவில் நாலு தரம், ஐந்து தரம் எழும்புவான். பின்கதவு திறபடும் சத்தம் கேட்கும்போதெல்லாம் அம்மா படுத்தபடியே இரண்டு கையையும் நெஞ்சில் கூப்புவா. சலம் போகாமல் மூன்று வருடம் இருந்த பிள்ளை அல்லவா. அந்தச் சந்தோசத்துக்குள் சீனி ஒளிந்திருந்தது எங்களில் ஒருவருக்கும் விளங்கவில்லை.

நீர்வேலி வாழைக்குப் பேர்போன ஊர். வருத்தம் பார்க்க வந்தவர்கள் ஆளுக்கொரு சீப்பு இதரை, கதலி என்று கொண்டுவந்தார்கள். பொட்டாசியம் கூடிவிடும் என்று மூன்று வருடம் வாழைப்பழம் தொடாதவன் ஒரேயடியாக மூன்று சாப்பிடுவான். நாங்களும் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தோம். வைகாசியில் உடம்பு மெலிந்தது. முகம் மட்டும் ஸ்ரீரொயிட்டால் ஊதியிருந்ததில் மெலிவும் தெரியவில்லை. ஆனியில் சைக்கிள் ஸ்போக் கம்பி ஒன்று பெருவிரலில் ஏறியது. மூன்று கிழமையாகியும் புண் ஈரமாகவே இருந்தது. எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கிற குளிசை குடிக்கிறவனுக்கு அப்படித்தான் ஆறும் என்றார்கள். தாகத்துக்கு ஒரு மறுமொழி, சலத்துக்கு ஒரு மறுமொழி, புண்ணுக்கு ஒரு மறுமொழி. எல்லாம் நியாயமான மறுமொழிகள்தான். கிளினிக்கிலும் காலை இரத்தம் 94, 97, 102 என்று வந்துகொண்டிருந்தது. கொப்பியில் ஒவ்வொரு முறையும் சரி போட்டுவிட்டு அடுத்த திகதி எழுதினார்கள்.

ஆடி மாதம் ஒருநாள், பக்கத்து வீட்டு அன்ரி தன் சீனி பார்க்கிற மெசினோடு வந்தா. அவ இருபது வருடச் சீனிக்காரி, தம்பி செம்பைத் தூக்கும் விதத்தைப் பார்த்தே சந்தேகப்பட்டிருக்கிறா. நேரம் பின்னேரம் நாலு மணி இருபது. விரலில் குத்தினா. 318. "வாழைப்பழம் தொட்ட கை, பிழை காட்டும்" என்று சொல்லி, அவனைச் சவுக்காரம் போட்டுக் கையைக் கழுவ வைத்துத் துடைத்துவிட்டு மற்ற விரலில் குத்தினா. 311.

அடுத்த நாள் காலை ஆறு மணிக்கு அதே மெசினில் 98.

கணக்கு ரீச்சருக்கு வேறு என்ன செய்யத் தெரியும்? மெசினை இரவல் வாங்கி, சதுரக்கோட்டுக் கொப்பி ஒன்றில் ஐந்து நாள் எழுதினேன். காலை ஆறு மணி: 98, 104, 101, 95, 107. பின்னேரம் நாலு மணி: 241, 287, 263, 302, 255. காலைச் சராசரி 101, பின்னேரச் சராசரி கிட்டத்தட்ட 270. கொப்பியைக் கிளினிக்குக்குக் கொண்டுபோனேன். "வீட்டு மெசின் பிழை காட்டும் ரீச்சர், உங்கட தம்பியின்ர வெறுவயிற்றுச் சீனி நல்லாத்தானே இருக்கு" என்று பதில் வந்தது. வற்புறுத்தியதால் மூன்று மாதச் சீனியைக் காட்டும் எச்பிஏ1சி பரிசோதனைக்கு எழுதித் தந்தார்கள். 5.9 வந்தது. "பாருங்கோ, எல்லைக்குள்ளதான்."

இனி நான் சொல்லப்போவது உங்களில் வைத்தியம் படித்த ஒவ்வொருவருக்கும் தெரிந்தது. ஆனால் அந்த அறிவித்தலில் கையெழுத்து வைத்தவருக்கு அந்த நேரம் நினைவில் இருக்கவில்லை போலிருக்கிறது.

மாற்றுச் சிறுநீரகத்தை உடம்பு தள்ளிவிடாமல் இருக்கக் கொடுக்கும் டக்ரோலிமஸ், கணையத்தில் இன்சுலின் சுரப்பதைக் குறைக்கிறது. பிரெட்னிசொலோன் என்ற ஸ்ரீரொயிட் வேறு வழியால் வருகிறது: சுரக்கிற இன்சுலினைத் தசைகள் கேளாமல் செய்கிறது, ஈரலைக் கூடுதலாகச் சீனி விடச் செய்கிறது. பிரெட்னிசொலோனைக் காலையில் ஒரே தரமாக விழுங்குகிறார்கள். அதன் வேலை மத்தியானத்தில் தொடங்கிப் பின்னேரத்தில் உச்சம் கண்டு இரவில் தணிகிறது. ஆகவே இவர்களுடைய சீனி, அன்ரியின் சீனி மாதிரி நாள் முழுக்க நிற்கிற சீனி அல்ல. விடியும்போது இறங்கிவிடும். நீங்கள் இரத்தம் எடுப்பது விடியும்போது. யாழ்ப்பாணத்தில் பங்குனி மாதம் விடியப்புறம் ஐந்து மணிக்கு வெப்பமானியைப் பார்த்துவிட்டு இங்கே வெயிலே இல்லை என்று எழுதினால், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்கும் நான் பிழைதான் போடுவேன்.

எச்பிஏ1சியும் அப்படித்தான். அது சிவப்பணுவில் ஒட்டிய சீனியை அளக்கிறது. சத்திரசிகிச்சைக்குப் பின் முதல் மாதங்களில் இரத்தச்சோகை இருக்கும், இரத்தம் ஏற்றியிருப்பார்கள், இரத்தம் ஊறுவதற்கான ஊசியும் போட்டிருப்பார்கள். அணுக்களே புதிது என்றால் அதில் மூன்று மாதக் கதை எங்கிருந்து வரும்? தம்பிக்கு இரண்டு பைன்ற் இரத்தம் ஏற்றிய விபரம் கிளினிக் கொப்பியின் மூன்றாம் பக்கத்திலேயே இருந்தது.

இது புதிதாகக் கண்டுபிடித்த சங்கதியும் அல்ல. கேடிகோ என்ற சர்வதேச சிறுநீரக அமைப்பு 2009 இல் வெளியிட்ட வழிகாட்டியில், மாற்றுச் சிறுநீரகம் வைத்த ஒவ்வொருவருக்கும் முதல் நாலு கிழமையும் கிழமைக்கொருமுறை, பிறகு ஒரு வருடம் வரை மூன்று மாதத்துக்கொருமுறை, அதன்பின் வருடந்தோறும் சீனி பார்க்கச் சொல்கிறது. இந்தக் குளிசைகளைத் தொடங்கும்போதும் நன்றாகக் கூட்டும்போதும் திரும்பவும் பார்க்கச் சொல்கிறது. 2013 இல் வியன்னாவில் கூடிய நிபுணர்கள் இந்த வருத்தத்துக்கு மாற்று உறுப்புக்குப் பின்னான நீரிழிவு என்ற பெயரையே நிலைப்படுத்தினார்கள். 75 கிராம் குளுக்கோஸ் கரைத்துக் குடிக்கக் கொடுத்து இரண்டு மணித்தியாலத்தில் பார்க்கும் சோதனைதான் இவர்களுக்கு நம்பகமானது என்பதும், எச்பிஏ1சியை மட்டும் நம்பினால் தவறவிடலாம் என்பதும் அதில் பேசப்பட்டவை. அதே வியன்னாவிலிருந்து 2012 இல் வந்த ஓர் ஆய்வில், சத்திரசிகிச்சை முடிந்த கையோடு பின்னேரச் சீனி ஏறத் தொடங்கும்போதே இன்சுலின் போட்டவர்களுக்குப் பிறகு சீனி வருத்தம் நிலைத்தது குறைவு. முந்திப் பிடித்தால் கணையத்துக்கு ஓய்வு கிடைக்கிறது என்று விளங்கிக்கொண்டேன். இவ்வளவையும் ஒரு கணக்கு ரீச்சர் இரவு விழித்திருந்து அகராதியோடு வாசிக்க வேண்டியிருந்தது.

ஆவணியில் தம்பிக்கு நடுங்கலோடு காய்ச்சல். சலத்தில் கிருமி, அது மாற்றுச் சிறுநீரகம் வரை ஏறியிருந்தது. அனுமதித்த அன்றைக்குச் சீனி 402. ஒன்பது நாள் வார்ட்டில் இருந்தான். கட்டில் இல்லாத முதல் இரவு பாயில். சிறுநீரகம் சரியாக வடிக்காவிட்டால் இரத்தத்தில் கூடும் கிரியற்றினின், 1.2 இலிருந்து 1.9 க்குப் போய், மருந்தெல்லாம் முடிய 1.5 க்கு வந்து நின்றது. அதற்குக் கீழே இன்றுவரை வரவில்லை. அந்த 0.3 உங்கள் புள்ளிவிபரத்தில் ஒரு தசமம். என் இடுப்பில் இருக்கிற தழும்பின் நீளத்தை வைத்துத்தான் நான் அதைப் பார்க்கிறேன்.

அந்த வார்ட்டில் ஒரு இளம் டொக்டர் இருந்தா. என் சதுரக்கோட்டுக் கொப்பியை முதன்முதலாக முழுவதும் வாசித்தவ அவதான். வாசித்துவிட்டு, "ரீச்சர், இதை நான் படம் எடுக்கலாமா?" என்று கேட்டா. அதற்குப் பிறகு கிளினிக்கில் மாற்றுச் சிறுநீரகக்காரர் எல்லோருக்கும், மத்தியானச் சாப்பாடு முடிந்து இரண்டு மணித்தியாலத்தில் பார்க்கும் சீனிக்கு அவ துண்டு எழுதத் தொடங்கினா. பெரிய திட்டம் ஒன்றுமில்லை, ஒரு சின்னத் துண்டு. ஒரு வருடத்துக்கு மேல் அது நடந்தது. எங்களோடு கிளினிக் வாங்கில் இருக்கிறவர்களில் மூன்று பேருக்கு அந்தத் துண்டாலேயே சீனி பிடிபட்டது. மூன்று பேருக்கும் காலை இரத்தம் நூறுக்குப் பக்கத்தில்தான் இருந்தது. ஒருவருக்குக் குளிசையோடு நின்றுவிட்டது, ஊசி தேவைப்படவில்லை. அந்த டொக்டர் மாற்றலாகிப் போய் இரண்டாம் மாதம் உங்கள் அறிவித்தல் வந்தது. இரண்டுக்கும் தொடர்பில்லை என்றே நம்ப விரும்புகிறேன்.

இரண்டு கிளினிக் விசயத்துக்கு வருகிறேன். தம்பிக்குச் சீனி உறுதியானதும் அவனை நீரிழிவுக் கிளினிக்குக்கும் அனுப்பினார்கள். செவ்வாய்க்கிழமைக்குப் பச்சைக் கொப்பி, வெள்ளிக்கிழமைக்கு நீலக் கொப்பி. புரட்டாதியில் ஒரு வெள்ளிக்கிழமை இன்சுலினை நாலு அலகு கூட்டினார்கள். நீலக் கொப்பியில் எழுதினார்கள். அடுத்த செவ்வாய்க்கிழமை பிரெட்னிசொலோனைப் 10 இலிருந்து 5 ஆகக் குறைத்தார்கள். பச்சைக் கொப்பியில் எழுதினார்கள். இரண்டு முடிவும் தனித்தனியே சரிதான். ஆனால் ஸ்ரீரொயிட்டைப் பாதியாக்கினால் இன்சுலினையும் குறைக்கவேண்டும் என்று பச்சைக் கொப்பி நீலக் கொப்பிக்குச் சொல்லவில்லை. மூன்றாம் நாள் இரவு ஒன்றரைக்கு, தம்பி பாயில் இருந்து எழும்ப முடியாமல் வேர்த்து ஊற்றி என்னை அம்மா என்று கூப்பிட்டான். மெசினில் 46. சீனித் தண்ணியைக் கரண்டியால் பருக்கினேன். பாதி வாய்க்குள் போனது, பாதி தலையணையில். சீனியே கூடாது என்று ஒரு வருத்தக்காரனுக்கு மாதக்கணக்காகச் சொன்ன கையாலேயே சீனி பருக்குவதைப் பார்த்து அம்மா குழம்பிப்போய் நின்றா. விடிந்ததும் இரண்டு கொப்பியையும் ஒரே றப்பர்பாண்டால் கட்டினேன். இன்றும் அந்தக் கட்டோடுதான் இரண்டு கிளினிக்குக்கும் போகிறோம். ஒரு கிளினிக்கில் மற்றக் கொப்பியை விரித்து வைத்தால், "அது இஞ்ச தேவையில்லை" என்று மூடித் தருகிறவர்களும் இருக்கிறார்கள்.

உங்கள் அறிவித்தல் இந்தப் பிரிவை இன்னும் இறுக்குகிறது. சிறுநீரகக்காரர் செவ்வாய், சீனிக்காரர் வெள்ளி என்றால் இரண்டும் சேர்ந்தவன் யாருடைய ஆள்? சீனிக் குளிசைகளில் சிலவற்றைக் கிரியற்றினின் பாராமல் எழுதக்கூடாது. மெற்ஃபோமினுக்குச் சிறுநீரக அளவு பார்க்கவேண்டும். கிளிபன்கிளமைட் மாதிரியானவை பழுதான சிறுநீரகத்தில் தேங்கிச் சீனியை ஒரேயடியாக விழுத்திவிடும். நூற்றுக்கணக்கானவர்கள் வரும் வெள்ளிக்கிழமையில், ஒரு ஆளுக்கு மூன்று நிமிடம் கிடைக்கும் டொக்டர் இதையெல்லாம் எந்தத் தாளைப் பார்த்து அறிவார்?

தீவுப் பகுதியிலிருந்து வருகிற ஒரு ஐயாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். வாங்கில் எனக்குப் பக்கத்தில் இருப்பார், காலைப் படகுக்கு முதல்நாள் இரவே புறப்பட்ட களைப்பு முகத்தில் இருக்கும். டக்ரோலிமசாலும் சீனி வரும் என்று யாரோ அவருக்குச் சொல்லிவிட்டார்கள், மிச்சத்தைச் சொல்லவில்லை. தானாகவே காலைக் குளிசையைப் பாதியாக்கிவிட்டார். "சீனி இப்ப இறங்கீட்டுது பிள்ளை" என்று என்னிடம் பெருமையாகச் சொன்னார். அதன்பின் செவ்வாய்க்கிழமைகளில் அவரைக் காணவில்லை. டயலிசிஸ் அறை வாசலில் ஒருநாள் கண்டேன். என்னைக் கண்டதும் தலையைத் திருப்பிக்கொண்டார். சீனி ஏறினால் அதற்கு மருந்து இருக்கிறது, மாற்றுச் சிறுநீரகத்துக்கான குளிசையை உங்கள் பாட்டுக்குத் தொடாதீர்கள் என்று தமிழில் அச்சடித்த ஒரு தாள் அவர் கையில் இருந்திருக்க வேண்டும்.

தமிழில் என்று சொல்லும்போது ஒன்றைக் கேட்காமல் போக மனம் வரவில்லை. 1847 இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க வைத்தியர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன், மானிப்பாயில் இருந்துகொண்டு எங்கள் பிள்ளைகளுக்கு மேலைத்தேச வைத்தியத்தைத் தமிழிலேயே படிப்பித்தவர், வைத்திய நூல்களைத் தமிழாக்கி அச்சிட்டவர். கடல் தாண்டி வந்த மனிதர் தமிழைப் படித்து அதைச் செய்தார். நூற்றைம்பது வருடத்துக்குப் பிறகு அதே யாழ்ப்பாணத்தில், தன் உடம்புக்குள் என்ன நடக்கிறது என்று அறிய ஒரு சைக்கிள்கடைக்காரன் ஆங்கிலத் தாளை அக்காவிடம் நீட்ட வேண்டியிருக்கிறது. அக்கா இல்லாதவன் யாரிடம் நீட்டுவான்?

உங்கள் பக்கத்துக் கஷ்டம் தெரியாமல் எழுதவில்லை. 2022 க்குப் பிறகு எத்தனை டொக்டர்மார் நாட்டை விட்டுப் போனார்கள், மருந்துக்கும் ஆய்வுகூட இரசாயனங்களுக்கும் எப்படித் தட்டுப்பாடு வந்தது என்பதெல்லாம் நாங்களும் வரிசையில் நின்று கண்டதுதான். மத்தியானத்துக்குப் பிறகு ஆய்வுகூடம் வெளிநோயாளர் இரத்தம் எடுப்பதில்லை, ஆள் இல்லை என்று ஒரு தாதி மிஸ் எனக்கு விளங்கப்படுத்தினா. அவமீது எனக்கு ஒரு குறையும் இல்லை. காசு இல்லாத ஒருவருக்குத் தன் கைக்காசில் சீனி மெசினுக்குப் போடும் ஸ்ரிப் வாங்கிக் கொடுத்ததை நானே கண்டிருக்கிறேன். ஆனால் ஆய்வுகூடம் எதற்கு? கிளினிக் நாளில் நாங்கள் அங்கே எவ்வளவு நேரம் இருக்கிறோம் என்று யாராவது பார்த்தீர்களா? விடிய ஐந்தரைக்கு நம்பர். டக்ரோலிமஸ் அளவு பார்க்கிற நாள் என்றால் காலைக் குளிசையையும் விழுங்காமல் வந்து இரத்தம் கொடுக்கவேண்டும். பிறகு ஒரு பணிசும் தேத்தண்ணியும். பத்தரை பதினொன்றுக்கு டொக்டர். பன்னிரண்டுக்குக் கன்ரீனில் சோறு. அதன்பின் மருந்து எடுக்கும் யன்னலுக்கு முன்னால் வரிசை. இரண்டு மணிக்கு முன்னர் நாங்கள் வெளியே வந்த நாளே குறைவு. சோறு தின்று இரண்டு மணித்தியாலம் கழித்துப் பார்க்க வேண்டிய சீனி, அந்த யன்னலடியில் தானாக வந்து வரிசையில் நிற்கிறது. ஒரு விரல் குத்து, ஐந்து செக்கன், கொப்பியில் ஒரு இலக்கம். மெசினில் 200 க்கு மேல் காட்டுகிறவர்களை மட்டும் ஆய்வுகூடத்துக்கு அனுப்பி உறுதிப்படுத்துங்கள். மற்றவர்கள் மருந்தோடு வீட்டுக்குப் போகட்டும்.

செலவு என்றால் அதையும் கணக்குப் போடலாம். ஒரு மாற்றுச் சிறுநீரகம் கைவிட்டுப் போனால் அந்த ஆள் திரும்பவும் கிழமைக்கு இரண்டு தரம் உங்கள் டயலிசிஸ் மெசினில்தான் வந்து படுப்பார். வருடத்துக்கு நூற்றிச் சொச்சம் தரம். ஒவ்வொரு தரத்துக்கும் வடிகட்டி, குழாய், திரவம், மின்சாரம், ஒரு மிஸ். ஸ்ரிப்பின் விலையை அதற்குப் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். வகுத்தல் கணக்கை என்னிடம் விட்டுவிடுங்கள்.

என்னைப் பற்றியும் இரண்டு வரி. சிறுநீரகம் கொடுத்தவர்களும் வருடத்துக்கொருமுறை பிறஷர், கிரியற்றினின், சீனி பார்க்கவேண்டும் என்று கண்டியில் சொன்னார்கள். அப்பாவின் சீனி எனக்கும் வரலாம், எனக்கு மிச்சம் இருப்பது ஒன்றுதான். இங்கே எந்தக் கிளினிக்கிலும் எனக்கு ஒரு கொப்பி இல்லை. தம்பியைக் கூட்டிப் போகிற நாளில் வெளியே காசு கட்டிப் பார்த்துக்கொள்கிறேன்.

ஆகவே கேட்கிறேன். முதல் வேலையாக அந்த அறிவித்தலைக் கழற்றுங்கள். சாப்பாட்டுக்குப் பின்னான சீனித் துண்டை மாற்றுச் சிறுநீரகம் வைத்த எல்லோருக்கும் திரும்ப எழுதுங்கள். ஆய்வுகூடத்தால் முடியாவிட்டால், கிளினிக் நாளில் மருந்து யன்னலடியில் ஒரு மெசினும் ஒரு பெட்டி ஸ்ரிப்பும் ஒரு ஆளும் வையுங்கள். புதிதாகச் சிறுநீரகம் வைத்து ஊருக்கு வருகிறவர்களுக்கு முதல் வருடம் மூன்று மாதத்துக்கொருமுறை சீனி பார்ப்பதையும், டக்ரோலிமஸ் அல்லது ஸ்ரீரொயிட் அளவு மாற்றும்போதெல்லாம் பார்ப்பதையும் எழுத்தில் விதியாக்குங்கள். ஒரு டொக்டர் மாற்றலாகிப் போனால் அவரோடு சேர்ந்து போய்விடாத விதியாக அது இருக்கட்டும்.

சீனியும் சேர்ந்தவர்களை வெள்ளிக்கிழமைக்குத் துரத்தாதீர்கள். மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமையாவது நீரிழிவு டொக்டர் ஒருவர் சிறுநீரகக் கிளினிக்கில் வந்து இருக்கலாம், ஒரே கொப்பியில் இரண்டு பேரும் எழுதலாம். இன்சுலின் போடுகிற மாற்றுச் சிறுநீரகக்காரருக்கு வீட்டில் பார்க்க ஸ்ரிப் கொடுங்கள். முழுவதும் முடியாவிட்டால் மருந்து அளவு மாற்றிய மாதத்துக்காவது கொடுங்கள். தாகம், மெலிவு, ஆறாத புண், இரவில் வேர்த்து விழுதல், குளிசையைத் தானாகக் குறைக்காமை, இவ்வளவும் எழுதிய ஒரு பக்கத் தமிழ்த் தாள் அச்சடியுங்கள். எழுதித் தரச் சொன்னால் நானும் பாடசாலையில் தமிழ் படிப்பிக்கிற ரீச்சரும் ஒரு கிழமையில் எழுதித் தருவோம், உங்கள் டொக்டர் ஒருவர் திருத்தினால் போதும். சிறுநீரகம் கொடுத்தவர்களுக்கும் வருடத்தில் ஒரு நாள் ஒதுக்குங்கள்.

இந்த மடலுக்கு எழுத்தில் ஒரு பதிலை அதே கதவில் ஒட்டுங்கள். முடியாது என்பதுதான் பதில் என்றால் காரணத்தையும் சேர்த்து எழுதுங்கள்.

அடுத்த கிளினிக் வருகிற செவ்வாய்க்கிழமை. தம்பி ஐந்தரைக்கே நம்பர் எடுத்துவிடுவான். இரண்டு மணிக்கு மருந்து யன்னலடியில் நானும் நிற்பேன். மெசினை நான் கொண்டுவருகிறேன், ஸ்ரிப்பை நீங்கள் தாருங்கள்.

இப்படிக்கு,
தம்பிக்குச் சிறுநீரகம் கொடுத்த ஒரு அக்கா,
நீர்வேலி, யாழ்ப்பாணம்.